கை வந்த கதை

அத்தியாயம் ஒன்பது

அண்ணிக்கு ஏன் அண்ணி என்று பெயர் வந்தது என்பதைப் புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஓட்டல் சலவைக்கூடத்தில் அவளோடு அவளுடைய நாத்தனாரும் வேலை பார்க்கிறாள். நாத்தனார் வாய்க்கு வாய் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட, கேட்டுக் கேட்டு மொத்தக் கூடத்துக்கும் அவள் அண்ணியாகிப் போனாள். அவளைவிட மூத்தவரான சூப்பர்வைசர்கூட அண்ணி என்றுதான் அழைக்கிறார்.

அந்த அண்ணியின் வலது தோள் இறுகிப் போய், கை காதுக்கு மேலே வர மறுத்ததும், மாத்திரையைவிடப் பயிற்சிதான் முக்கியம் என்று டாக்டர் சொன்னதும், நாத்தனார் பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போய் யோகா வகுப்பில் சேர்த்துவிட்டதும் பழைய கதை. தலை பின்ன முடியாமல், முடியைக் கத்தரித்துவிடலாமா என்று அவள் கண்ணாடி முன்னால் நின்ற காலையில், கல்யாணமான நாளிலிருந்து அவள் தலைமுடியைத் தொட்டறியாத கணவர் சீப்பைக் கையில் வாங்கிக்கொண்டதும் தெரிந்ததுதான்.

யாருக்கும் தெரியாதது ஒன்றே ஒன்று. வகுப்பில் தூணுக்குப் பின்னால் அவள் ஒதுங்கி நின்றிருந்த ஒரு சாயங்காலம், அந்த வலது கை எந்த முணுமுணுப்பும் இல்லாமல் முழுசாக மேலே போய் நின்றது.

அதற்கப்புறம் ஒரு மாதம் ஓடிவிட்டது. அண்ணி இன்னும் வீட்டில் வாயைத் திறக்கவில்லை.

காரணம் கேட்டால் சிரிப்பு வரும். அவளுக்கே வரும். கை சரியாகிவிட்டது என்று சொன்னால், காலையில் கணவர் சீப்பைக் கீழே வைத்துவிடுவார். அவ்வளவுதான் காரணம்.

அன்றைக்குக் காலையிலும் அவள் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவர் பின்னால் நின்றார். லிஃப்ட் மெக்கானிக். தெருவில் எல்லோருக்கும் லிஃப்ட்காரர். இரும்புக் கயிற்றோடு மல்லுக்கட்டிக் காய்த்துப்போன விரல்கள். ஆரம்பத்தில் அவர் போட்ட பின்னலைப் பார்த்துச் சலவைக்கூடமே சிரித்தது. இதைப் பிடித்துக்கொண்டு எட்டுப் பேர் மேல்மாடிக்குப் போகலாம் என்றாள் நாத்தனார். இப்போது அவருக்குப் பழகிவிட்டது. சிக்கு வந்தால் இழுக்காமல், அடியிலிருந்து மெல்ல எடுக்கிற அளவுக்குத் தேறியிருந்தார்.

வேலை முடிந்து வந்தால் வாயையும் ஸ்பானரோடு சேர்த்துப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிடுகிற மனிதர். மகள் விடுதியில் தங்கிப் படிக்கப் போன பிறகு அந்த வீட்டில் டிவி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது. ஆனால் சீப்போடு பின்னால் வந்து நின்றால் அவருக்கு எங்கிருந்தோ பேச்சு வந்தது. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ. பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுக்கொண்டே இருந்து, கதவைத் திறந்தபோது இரண்டு பேரும் சேர்ந்து அவரைத் திட்டியதைச் சொல்வார். பள்ளிக்கூடத்தில் பாட்டுப் போட்டிக்கு நின்று முதல் வரியே மறந்துபோனதைச் சொல்வார். இத்தனை வருஷத்தில் கேட்டிராத கதைகள். முதுகைக் காட்டிக்கொண்டு அவள் கேட்பாள். டீ ஆறிப்போகும்.

அன்றைக்கு அவர் சொன்னது வேறு. வேறு ஊரில் கம்பெனி ஒரு புதுக் கட்டடம் எடுத்திருக்கிறதாம். நாற்பது மாடி. அதற்குத் தலைமை மெக்கானிக்காக அவரைக் கூப்பிட்டிருக்கிறார்களாம். வாரத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வர முடியும்.

அண்ணிக்குப் பின்னந்தலை சில்லிட்டது. போகிறீர்களா என்று கேட்டாள்.

"எங்க போறது. உன் தலையை யார் பின்னுவா?" என்றார் அவர். "மத்தியானம் மேனேஜர்கிட்ட வேண்டாம்னு சொல்லிடப் போறேன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஸ்டூலிலிருந்து எழுந்து கையைத் தூக்கிக் காட்டியிருக்க வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது போல எத்தனை நாளைக்கு மறைப்பது? வாய்வரை வந்தது. அதற்குள் அவர் பின்னல் நுனியில் ரப்பர் பேண்டைச் சுற்றி முடித்து, அவள் தோளில் லேசாக ஒரு தட்டு தட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார். இறுகின தோள்தானே என்று பார்த்துப் பார்த்துத் தட்டுகிற தட்டு. அவளுக்கு அழுகை வரும்போலிருந்தது. வரவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

சலவைக்கூடத்தில் காலையிலேயே ஆவி மண்டிக் கிடந்தது. ஓட்டலில் ஏதோ மாநாடாம். எல்லா அறையும் நிரம்பி, படுக்கை விரிப்புகள் தள்ளுவண்டி தள்ளுவண்டியாக வந்து இறங்கின. பெரிய மெஷின் என்று அவர்கள் சொல்வது, சூடான உருளைகள் வைத்த இஸ்திரி மெஷின். ஒரு பக்கம் ஈர விரிப்பைக் கொடுத்தால் மறுபக்கம் காய்ந்து, மடிப்பு நீங்கி, கொதிக்கக் கொதிக்க வெளியே வரும். அதை இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, கையைத் தலைக்கு மேலே தூக்கி உதறி மடிக்க வேண்டும். தோள் விழுந்தவர்கள் அங்கே நிற்க முடியாது.

அண்ணியை மூலையில் துண்டு மடிக்கப் போட்டிருந்தார் சூப்பர்வைசர். பெரிய மெஷினில் அண்ணி நின்ற இடத்தில் இப்போது அவள் நாத்தனார் நின்றாள். அவளுக்கு ஜோடியாக ஆள் கிடைக்காத நாட்களில் ஒற்றை ஆளாகவே ஓடி ஓடி இரண்டு பக்கத்து முனையையும் பிடித்தாள். அண்ணனைவிட அவள் எட்டு வயது சின்னவள். இருந்தும் இந்த ஒரு மாதத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிமிர்கிற பழக்கம் அவளுக்கு வந்திருந்தது. அண்ணி அதைப் பார்க்காத மாதிரி துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். பார்க்காத மாதிரி இருப்பதும் ஒரு வேலைதான். மாலைக்குள் ஆளை அடித்துப் போட்டுவிடும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அது நடந்தது. யாரோ அவசரத்தில் மேல்தட்டில் அடுக்கிய போர்வைக் கட்டு சரிந்தது. கீழே குனிந்து ஏதோ பெட்டியைத் தேடிக்கொண்டிருந்த நாத்தனார் தலைக்கு நேர் மேலே. அண்ணி யோசிக்கவில்லை. ஓடிப்போய் இரண்டு கையையும் தூக்கி, கட்டைத் தாங்கி, உள்ளே தள்ளினாள்.

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். கட்டைப் பார்த்தாள். தட்டின் மேலேயே இன்னும் நின்றுகொண்டிருந்த வலது கையைப் பார்த்தாள். அண்ணி மெல்ல அதைக் கீழே இறக்கினாள், திருடிய சாமானைத் திருப்பி வைப்பது போல.

சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் பின்பக்கம், காலிச் சோப்புப் பீப்பாய்கள் கிடக்கிற இடத்தில் உட்கார்ந்தார்கள். நாத்தனார் டப்பாவைத் திறக்கவே இல்லை.

"எத்தனை நாளா அண்ணி?"

ஒரு மாதமாக, என்றாள் அண்ணி.

நாத்தனார் கத்தியிருந்தால் தேவலை. அவள் கத்தவில்லை. இரண்டு பேர் வேலையை ஒருத்தியாகச் செய்துகொண்டிருப்பதைச் சொன்னாள். ராத்திரி திரும்பிப் படுக்க முடியாமல் கிடப்பதைச் சொன்னாள். அண்ணி என்பதால்தான் சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தைகூட முணுமுணுக்கவில்லை என்றாள். கை சரியில்லை என்று பொய் சொல்லித் துண்டு மடிக்கிற அளவுக்கு அண்ணி சோம்பேறி இல்லையே, பின் ஏன் என்று கேட்டாள்.

இதை எப்படிச் சொல்வது? அதுவும் அவருடைய தங்கையிடம்? அண்ணி தன் டப்பா மூடியைத் திருகித் திருகித் திறந்தாள். வகுப்பில் டீச்சர் மூச்சை விடச் சொல்வதுபோல் ஒரு பெருமூச்சு தானாக வந்தது. அதோடு சேர்ந்து வார்த்தையும் வந்தது.

"உங்க அண்ணன் எனக்குத் தலை பின்னும்போது மட்டும்தான் பேசறார். கை சரியாயிடுச்சுன்னா பின்ன மாட்டார். அதான்."

நாத்தனார் சிரிக்கப்போகிறாள் என்று அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். சிரிக்கவில்லை. "இதை அவன்கிட்ட சொல்லுங்க. எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது" என்றாள்.

பிறகு, நாளைக்குப் பெரிய மெஷினுக்கு வந்துவிட வேண்டும், இதற்கு மேல் தன் இடுப்பு தாங்காது என்றாள். அண்ணி வருவதாக வாக்குக் கொடுத்தாள். நாத்தனார் அப்போதுதான் டப்பாவைத் திறந்தாள். பாதியை எடுத்து, கேட்காமலேயே அண்ணியின் டப்பாவில் வைத்தாள். கோபம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. கோபத்தோடும் பசிக்கும் இல்லையா.

சாயங்காலம் அண்ணிக்கு வகுப்புக்குப் போகவே கால் வரவில்லை. வீட்டுக்குப் போனால் சொல்ல வேண்டியிருக்கும் என்பதற்காகவே போனாள்.

டிரைவிங் ஸ்கூலுக்கு மேலே இருக்கிற நீள அறை அது. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. டீச்சர் அண்ணியைவிடப் பத்து வயதாவது இளையவள். எப்போதும் ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான் உடம்பை வளைப்பாள். அறிவுரையெல்லாம் சொல்கிற ஆள் இல்லை. வலிக்கிற இடத்துக்கு ஒரு விரல்கடை முன்னாலேயே நின்றுவிடுங்கள் என்பாள், அவ்வளவுதான். வகுப்பு முடிகிற நேரத்தில் பாயைச் சுருட்டச் சொல்லிவிட்டு ஏதாவது ஒரு இசையைப் போடுவாள். அதற்கு அடவு கிடையாது, கணக்கு கிடையாது. அவரவர் இஷ்டத்துக்கு ஆட வேண்டியது.

முதல் நாள் அந்தக் கூத்தைப் பார்த்து அண்ணி வெலவெலத்துப் போனாள். பேக்கரியில் வேலை பார்க்கிறவள் தலையை ஆட்டிக்கொண்டு சுற்றினாள். பஸ் கண்டக்டர் அம்மா ஒருத்தி நெரிசலில் இடித்துக்கொண்டு போகிற மாதிரியே ஆடினாள். அன்றிலிருந்து இசை தொடங்கினால் அண்ணி தூணுக்குப் பின்னால் போய்விடுவாள். மறைவில் நின்று கையை மட்டும் அசைப்பாள். அப்படித்தான் அந்தக் கை ஒருநாள் மேலே போனது.

அன்றைக்குத் தூண் பக்கம் போகிற தெம்புகூட இல்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். நடு அறை. எதிரே கண்ணாடியில் ஒரு களைத்த பொம்பளை, கண்ணுக்குக் கீழே கறுப்பு, நேர்த்தியான பின்னல். இசை வந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

முதலில் தலைதான் ஆடியது, வேண்டாம் வேண்டாம் என்பதுபோல. அப்புறம் இடுப்பு. நாள் முழுக்க நின்ற கால்கள் தரையை விட்டு எழும்பவில்லை. எழும்பாவிட்டால் போகிறது என்று தேய்த்துத் தேய்த்துத் திரும்பினாள். கைகள் விரிப்பை உதறுகிற மாதிரி எழுந்தன. அந்த வேலைதான் அவற்றுக்குத் தெரியும். ஆனால் உதறி மடிக்க எதுவும் இல்லை. இரண்டும் மேலே போய், அப்படியே திறந்து நின்றன. பக்கத்தில் யார் பார்க்கிறார்கள், எப்படி இருக்கிறது என்கிற யோசனை அவளுக்கு எழவில்லை. தைரியம் என்றால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வரும் என்று அவள் நினைத்திருந்தாள். இது அலுப்போடு சேர்ந்துதான் வந்தது. அலுப்பு அப்படியே இருந்தது. கூச்சம் மட்டும் எங்கேயோ இறங்கிப் போயிருந்தது.

இசை நின்றதும் கண்ணைத் திறந்தாள். கண்ணாடிக்குள், வாசல் கதவுக்குப் பக்கத்தில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் கணவர் நின்றிருந்தார்.

அவள் இரண்டு கையும் இன்னும் மேலேதான் இருந்தன.

பஸ் நிறுத்தம்வரை சேர்ந்து நடந்தார்கள். டிரைவிங் ஸ்கூல் கார் ஒன்று எதிரே முக்கி முனகி நின்று, திரும்பக் கிளம்பிப் போனது. நிறுத்தத்துப் பெஞ்சில் இடம் இருந்தது. உட்கார்ந்ததும்தான் அவர், தங்கை போன் செய்ததாகச் சொன்னார். அண்ணி அலுத்துப்போயிருக்கிறாள், போய்க் கூட்டிக்கொண்டு வா என்றாளாம். வேறு ஒன்றும் சொல்லவில்லையாம்.

அண்ணி தன் கைகளை மடியில் பார்த்தாள். இனி மறைக்க என்ன இருக்கிறது. மத்தியானம் ஒருமுறை சொல்லிப் பழகியிருந்ததால் வார்த்தை கொஞ்சம் சுலபமாகவே வந்தது.

"கை சரியாகி ஒரு மாசம் ஆச்சு. சொன்னா நீங்க பின்ன மாட்டீங்க, பேச மாட்டீங்கன்னு சொல்லலை. தப்புதான். ஆனா நீங்க பேசறது எனக்கு வேணும். எனக்கு அதை வேற எப்படிக் கேக்கறதுன்னு தெரியலை."

அவர் திரும்பவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபப்பட்டால் பதில் சொல்லலாம் என்று அவள் காத்திருந்தாள். இதனால் ஒரு நல்ல வேலை கைநழுவிப் போச்சே என்று அவளே எடுத்துக்கொடுத்தாள். மேனேஜரிடம் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டதா என்று கேட்டாள். ஆமென்று தலையை அசைத்தார். நாளைக்கே போய், மனைவிக்குக் குணமாகிவிட்டது, வருகிறேன் என்று சொல்லுங்கள் என்றாள். வாரத்துக்கு ஒருமுறை வந்தால் போதும், நான் சமாளித்துக்கொள்வேன் என்றுகூடச் சொல்லிவிட்டாள்.  

அவர்கள் ஏற வேண்டிய பஸ் வந்தது. அவர் எழவில்லை. பஸ் போய்விட்டது.

"உன் கைக்காக மட்டும்தான் வேண்டாம்னேன்னு நினைச்சியா?" என்றார்.

அதோடு நிறுத்திக்கொண்டார். பழைய அண்ணியாக இருந்தால் அவளும் விட்டிருப்பாள். கிணற்றில் போட்ட கல்லை யார் இறங்கி எடுப்பது? இன்றைக்கு விடவில்லை. சொல்லுங்கள் என்றாள். தான் வேண்டுமானால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வதாகச் சொல்லி, பெஞ்சில் அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

முதுகுக்குப் பின்னால் அவர் குரல் மெதுவாக வந்தது.

"மழைக்காலத்துல ஒருநாள் லிஃப்ட் கூண்டு மேல நின்னு வேலை பாத்துக்கிட்டிருந்தேன். இத்தனை வருஷமா நிக்கிற இடம்தான். ஓரத்துல குனிஞ்சு கீழே பாத்தேன். ஒண்ணும் நடக்கலை. யாரும் விழலை. சும்மா பாத்தேன், அவ்வளவுதான். அதுலேருந்து கால் வரலை. மேல போனா நடுங்குது."

கூட்டாளிதான் இத்தனை நாளாக மேலே போகிறானாம். இவர் லிஃப்டுக்கு அடியில் இருக்கிற குழியில் நின்று சமாளிக்கிறாராம். நாற்பது மாடிக் கட்டடம் என்றதும் சாக்குத் தேடினாராம். பயம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. மனைவிக்குக் கை வராது, தலை பின்னக்கூட ஆளில்லை என்று சொல்லியிருக்கிறார். மேனேஜர் நம்பிவிட்டார். நம்பினதோடு விடவில்லை, நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறாராம். அவளையே நேரில் பார்த்து, ஒத்தாசைக்கு ஆள் ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்லிப் பேசிப் பார்க்கப் போகிறாராம்.

அண்ணிக்கு உடனே ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது கோபமா சிரிப்பா என்று தெரியாத ஒன்று நெஞ்சில் புரண்டது. காலையில் சில்லிட்ட தலைக்கு இப்போது சூடு ஏறியது. யார் யாரை ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள்?

"ஞாயித்துக்கிழமை மட்டும்" என்றார் அவர். "கையைக் கொஞ்சம் தொங்கப்போட்டுக்கிட்டு இரு. ஒரு மணி நேரம். அவர் போயிடுவார். அப்புறம் தினமும் நானே பின்னி விடறேன். கை வந்தாலும் பின்னி விடறேன்."

அவள் ஒரு மாதமாக ஏங்கியது அதற்குத்தான். இவ்வளவு சுலபமாக, இந்த விலைக்கு, பெஞ்சில் கொண்டுவந்து வைக்கிறார். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உடம்பு முழுக்கக் கெஞ்சியது, சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படு என்று.

அண்ணி திரும்பி உட்கார்ந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வயதான முகம் எப்போது வந்தது இவருக்கு?

நாளைக்குப் பெரிய மெஷினில் நிற்பதாக உங்கள் தங்கையிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றாள். ஒரு மாதமாகக் கையைத் தொங்கப்போட்டுத் தொங்கப்போட்டுத் தனக்கே அலுத்துவிட்டது என்றாள். பிறகு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"எனக்கு இனிமே தொங்கப்போட வராதுங்க. மேனேஜர் வரட்டும். பயமா இருக்குன்னு நீங்களே அவர்கிட்ட சொல்லுங்க. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்."

அவர் பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார். உள்ளே ஸ்பானர்கள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் கேட்டது.

அடுத்த பஸ் வந்து நின்றது. அண்ணி எழுந்தாள். முட்டி இரண்டும் வலித்தன. படியில் ஏறி, மேலே இருந்த கம்பியை வலது கையால் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். அவர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார், குனிந்த தலையோடு.

டிரைவர் கதவைச் சாத்தவா வேண்டாமா என்று தயங்கினார். அண்ணியைப் பார்த்து, "அவர் வர்றாராம்மா?" என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் அவருக்குப் பசிக்கிறதா, குளிர்கிறதா, வருகிறாரா, மாட்டாரா என்று யார் கேட்டாலும் பதில் சொன்னது அவள்தான்.

"அதை அவரைத்தான் கேக்கணும்" என்றாள் அண்ணி.